தெருவிளக்கை டார்ச் அடித்து அணைப்பதா, மறைப்பதா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களுக்கு இன்னும் நல்ல இருட்டு மிச்சமிருக்கிறது. தாமானை (குடியிருப்புப் பகுதியை)த் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் செம்பனைத் தோட்டம், அதற்கு அப்பால் மலை. மே மாதத்தில் இரவு 9.30, 10 மணி வாக்கில் தென்சிலுவை நட்சத்திரக் கூட்டம் நேர் தெற்கே எழுந்து நிற்கும். வாசலில் இருந்தபடியே பார்த்துவிடலாம், எதிரே நிற்கும் அந்த ஒரு விளக்குக் கம்பம் மட்டும் இல்லாவிட்டால். சோடியம் விளக்கு இருந்த காலத்தில் மஞ்சளாக மங்கிக் கிடந்த தெரு, எல்இடி வந்த பிறகு வெள்ளை வெளேர் என்றாகிவிட்டது. படுக்கையறை ஜன்னலிலும் அதே வெளிச்சம்தான்.

டார்ச் அடித்தால் தெருவிளக்கு அணையும் என்று பலர் சொல்வார்கள். இருட்டையும் வெளிச்சத்தையும் உணர்ந்து விளக்கை எரியவைத்து அணைக்கும் போட்டோசெல்மீது பலமான வெளிச்சத்தை அடித்தால் விளக்கு அணைந்துவிடும் என்பது உண்மை. ஆனால் எல்லா விளக்கும் அணையாது. அணைந்ததும் அப்படியே நிற்காது, வெளிச்சத்தை எடுத்த கொஞ்ச நேரத்தில் மறுபடியும் எரியும். டார்ச், லேசர், மறைப்பு, இடம் மாறுவது, விண்ணப்பம் எழுதுவது என்று ஐந்து வழிகளை இங்கே எடை போடுகிறோம். எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: பொதுத் தெருவில் விளக்கை அணைக்கப் பார்க்காதீர்கள், உங்கள் கண்ணுக்கும் விளக்குக்கும் நடுவே நிழலைக் கட்டுங்கள். செலவு குறைவு, வேலை சுலபம், பலனும் அதிகம். ஏன் என்பதைக் கணக்கோடு பார்ப்போம்.

விளக்கை எரியவைப்பது எது?

விளக்குத் தலையின் மேல்புறம் தேநீர்க் குவளையைக் கவிழ்த்து வைத்ததுபோல் ஓர் உருளை தெரிந்தால் அதுதான் போட்டோசெல். அடியில் மூன்று பித்தளைக் கால்கள் இருக்கும். சாக்கெட்டில் வைத்துத் திருகினால் பூட்டிக்கொள்ளும். இந்த உருளை இல்லாத விளக்குகளும் நம் ஊர்களில் நிறைய. கம்பத்துக்குக் கம்பம் முறுக்கிப் போகிற கறுப்பு வயர்க் கட்டில், வீடுகளுக்கான தடித்த வயர்களோடு 16 சதுர மில்லிமீட்டரில் மெல்லிய வயர் ஒன்றும் சேர்ந்து ஓடும். அது தெருவிளக்குக்கென்றே உள்ள வயர். வரிசை முழுவதையும் ஒரே பெட்டியில் இருக்கும் கான்டாக்டர் என்னும் மின்சார சுவிட்ச் எரியவைத்து அணைக்கும். அந்தப் பெட்டிக்கு ஒரு டைமரோ ஒரே ஒரு போட்டோசெல்லோ இருக்கும். இந்த அமைப்பில் உங்கள் வாசல் விளக்கின்மேல் எவ்வளவு வெளிச்சம் அடித்தாலும் ஒன்றும் நடக்காது. பெட்டியின் செல்லில் அடித்தாலோ தெரு முழுவதும் இருண்டுவிடும்.

எந்த வகை என்று கண்டுபிடிக்கக் கம்பத்தில் ஏற வேண்டாம். இரண்டு மூன்று நாள் மாலையில் கவனித்தால் போதும். வரிசை முழுவதும் ஒரே நொடியில் எரிந்தால் பொதுப் பெட்டி. ஒன்று முந்தி, ஒன்று பிந்தி என்று எரிந்தால் விளக்குக்கு விளக்கு தனி செல். மழை இருட்டிக்கொண்டு வந்த நாளிலும் கடிகாரம் பார்த்ததுபோல் அதே நேரத்தில் எரிந்தால் அது டைமர். தீபகற்ப மலேசியாவில் சூரியன் மறைவது ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 7 மணிக்கும் 7.30க்கும் இடையில்தான் என்பதால் டைமரே இங்கே நன்றாகப் பயன்படுகிறது. டைமருக்கு டார்ச்சும் தெரியாது, லேசரும் தெரியாது.

தனி செல் என்றால் அதற்குள் பெரும்பாலும் காட்மியம் சல்பைடு தகடு இருக்கும். வெளிச்சம் பட்டால் அதன் மின்தடை குறையும். பழைய வகையில் அந்த மின்னோட்டம் ஒரு சிறு சூடேற்றியைச் சுட வைக்கும், சூட்டில் இரட்டை உலோகப் பட்டை வளையும், வளைந்ததும் தொடர்பு விடுபட்டு விளக்கு அணையும். பட்டை சூடேறி வளைய வேண்டும் என்பதால்தான் அரை நிமிடத்திலிருந்து இரண்டு நிமிடம்வரை பிடிக்கிறது. மின்னணு வகையிலும் சில நொடித் தாமதத்தை வேண்டுமென்றே வைத்திருப்பார்கள். மின்னல் வெட்டும்போதெல்லாம், லோரியின் ஹெட்லைட் பட்டபோதெல்லாம் தெரு இருளக் கூடாது அல்லவா? டார்ச்சை இரண்டு நொடி அடித்துவிட்டு 'இது வேலை செய்யாது' என்று விட்டுவிடுகிறவர்கள் இந்தத் தாமதத்தைக் கணக்கில் எடுப்பதில்லை.

செல் கெட்டுப்போனால் விளக்கு எரிந்தபடியே இருக்குமாறுதான் பெரும்பாலும் அமைப்பார்கள். பகலில் எரியும் தெருவிளக்கு பலவற்றுக்கும் காரணம் இதுவே.

டார்ச்: லூமனைப் பார்க்காதீர்கள்

பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் லூமன், அதாவது டார்ச் தரும் மொத்த வெளிச்சத்தின் அளவு, இந்த வேலைக்கு உதவாது. வெளிச்சம் எவ்வளவு குவிகிறது என்பதுதான் கணக்கு. நல்ல டார்ச்சின் பெட்டியில் 'எட்டும் தூரம்' மீட்டரில் இருக்கும். அந்தத் தூரத்தில் 0.25 லக்ஸ் வெளிச்சம் விழும் என்று பொருள் (ஓர் இடத்தின்மேல் விழும் வெளிச்சத்தை அளப்பது லக்ஸ்). அதை வைத்தே கணக்குப் போடலாம்: எட்டும் தூரத்தை, செல் இருக்கும் தூரத்தின் இரண்டு மடங்கால் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்குங்கள். 400 மீட்டர் டார்ச், செல் 20 மீட்டரில் இருந்தால், 400ஐ 40ஆல் வகுக்க 10. பத்துப் பத்து 100 லக்ஸ். அதே இடத்தில் 200 மீட்டர் டார்ச் கொடுப்பது 25 லக்ஸ்தான்.

தெருவிளக்குச் செல்கள் பொதுவாக 10, 20 லக்ஸ் அளவுக்கு இருட்டியதும் விளக்கை எரியவைக்கும். அணைப்பதற்கு அதைப்போல் ஒன்றரை மடங்கிலிருந்து சில மடங்குவரை கேட்கும். இந்த இடைவெளி இல்லாவிட்டால் அந்தி நேரத்தில் விளக்கு கண்சிமிட்டிக்கொண்டே இருக்கும். ஆகவே 100 லக்ஸ் செல்லின் ஜன்னலில் விழுந்தால் பெரும்பாலானவை அணையும், 25 லக்ஸில் பல அணையாது.

'ஜன்னலில் விழுந்தால்' என்பதுதான் இதில் சிக்கல். செல் விளக்குத் தலைக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது, நீங்கள் கீழே நிற்கிறீர்கள். நடுவில் விளக்கின் உடல் மறைக்கும். கம்பத்தடியில் நின்று நேராக மேலே அடித்தால் செல்லுக்கு ஒன்றும் போய்ச் சேராது. தள்ளி நின்றாலோ தூரம் இரண்டு மடங்கானதும் வெளிச்சம் நான்கில் ஒன்றாகிவிடும். மாடி ஜன்னலிலிருந்து அடித்தால் கோணம் சரியாக இருக்கும். செல்லின் ஜன்னல் மறுபக்கம் திரும்பியிருந்தால் அதுவும் வீண்.

அணைந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். டார்ச்சைத் தொடர்ந்து அடித்துக்கொண்டே இருக்க வேண்டும், அதற்கு முக்காலி தேவை. பெரிய டார்ச்சுகள் உச்ச வெளிச்சத்தில் சில நிமிடம்தான் தாங்கும், சூடேறியதும் தானாகவே குறைந்துவிடும். பாதியில் குறைந்தால் விளக்கு திரும்ப எரியும். எல்இடி என்றால் முழு வெளிச்சத்தோடு உடனே வரும். பழைய சோடியம் விளக்கு சூடாக இருக்கையில் அணைந்தால் ஒரு நிமிடமாவது ஆறி, அதன்பின் மெல்ல மெல்லத்தான் முழு வெளிச்சத்துக்கு வரும்.

வானம் பார்க்கிறவருக்கு இதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் வேண்டும். நம் ஊர் இரவுக் காற்றில் ஈரம் அதிகம், டார்ச்சின் கற்றை வெள்ளைத் தூண்போல் நிற்கும். அதில் ஈசலும் பூச்சியும் வந்து மொய்த்து மின்னும். ஒரு விளக்கை அணைக்கப் பக்கத்திலேயே இன்னொரு விளக்கை ஏற்றிய கதையாகிவிடுகிறது. நடுவில் ஒருமுறை தெருவிளக்கு திரும்ப எரிந்தால் அந்த அரைமணி நேரமும் போச்சு.

லேசர்: கணக்கில் வெல்கிறது, தெருவில் தோற்கிறது

கணக்கை மட்டும் பார்த்தால் லேசரே சிறந்தது. 532 நானோமீட்டர் பச்சை லேசர் 1 மில்லிவாட் என்றால் வெளிச்சம் 0.6 லூமன்தான். ஆனால் 20 மீட்டரில் அது 2 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் விழுந்தால் ஏறத்தாழ 1,900 லக்ஸ் ஆகிறது. பெரிய டார்ச் தரும் 100 லக்ஸுக்கு முன்னால் இது எங்கோ இருக்கிறது. காட்மியம் சல்பைடுக்கும் பச்சை நன்றாகவே உறைக்கும்.

அந்த 2 சென்டிமீட்டர்தான் இதன் பலவீனமும். காற்றில் கம்பம் லேசாக ஆடினாலும், முக்காலியின் கால் ஈர மண்ணில் கொஞ்சம் இறங்கினாலும் புள்ளி நழுவிவிடும். நழுவிய கற்றை எதிர் வீட்டு மாடி ஜன்னலுக்குப் போகலாம், வானத்துக்கும் போகலாம். விமானத்தை நோக்கி லேசர் அடிப்பது குற்றம். ஈப்போ விமான நிலையம் சுங்கை சிப்புட்டுக்கு எட்டாத் தொலைவில் இல்லை. செல்லின் வளைந்த பிளாஸ்டிக் மூடியில் பட்டுக் கற்றை எந்தப் பக்கம் தெறிக்கும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. மலிவுப் பச்சை லேசர்களில் '1 மில்லிவாட்' என்று ஒட்டியிருந்தாலும் உள்ளே பல மடங்கு இருப்பது தெரிந்த விஷயம். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பும் சேர்ந்தே கசியும். விழித்திரையில் விழுந்த புண் ஆறாது. ஆளில்லாமல் லேசரை நிறுத்தி வைத்துவிட்டு நட்சத்திரம் பார்க்கப் போவதை நாங்கள் எந்த நிலையிலும் ஏற்க மாட்டோம்.

சின்ன எல்இடி ஒன்றைச் செல்லின் மேலேயே கட்டிவிடலாம் என்று யோசிப்பவர்கள் உண்டு. வேண்டவே வேண்டாம். அந்தக் கம்பத்தில் 230 வோல்ட், 400 வோல்ட் மின்சாரம் ஓடுகிறது. அலுமினிய ஏணியைச் சாய்த்த கணத்தில் உயிர் போகலாம். மேலே ஏறி அனுமதியில்லாமல் கைவைப்பது 1990ஆம் ஆண்டு மின்சார விநியோகச் சட்டத்தின்படி வழக்குக்கும் இடம் கொடுக்கும். லாஸ்டிக்கால் (கவண்வில்லால்) கல்லடித்து விளக்கை உடைப்பதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். காலைப் பெரட்டுக்கு (தோட்டத்தில் ஆள் கணக்கெடுப்புக்கு)ப் போகிறவர்கள் விடியுமுன் இருட்டோடு கிளம்புகிறார்கள். தொழிற்சாலை பஸ்ஸுக்காகப் பெண்கள் அந்தக் கம்பத்தடியில்தான் காத்து நிற்கிறார்கள். மோட்டாரில் வருகிறவருக்கு ரோட்டுக் குழி தெரிவதும் அந்த வெளிச்சத்தில்தான். உங்கள் இரண்டு மணி நேர இருட்டுக்கு விலை கொடுப்பவர் வேறொருவராக இருக்கக் கூடாது.

வேண்டுமென்று செய்யாமலும் இது நடப்பதுண்டு. திருவிழாவுக்குக் கோயில் வளாகத்தில் ஃப்ளட்லைட் கட்டும்போது அதன் முகம் தெருக்கம்பத்தின் செல்லைப் பார்த்துவிட்டால், கோயில் ஜொலிக்கும், வெளியே தெரு இருண்டு கிடக்கும். கூட்டம் செருப்பு விடுகிற இடமே தெரியாது. ஃப்ளட்லைட்டைக் கொஞ்சம் கீழே சாய்த்தால் தெருவிளக்கு ஓரிரு நிமிடத்தில் தானாக எரியும்.

மறைப்பு: நாங்கள் தேர்ந்தெடுக்கும் வழி

கண்ணில் நேராகப் படுகிற விளக்கைத்தான் மறைக்க வேண்டும். தெருவில் கிடக்கும் வெளிச்சம் அங்கேயே கிடக்கட்டும். உயரம் போடுவது எளிது. விளக்கு 8 மீட்டர் உயரம், உங்களிடமிருந்து 12 மீட்டர் தள்ளி நிற்கிறது, நாற்காலியில் உட்கார்ந்தால் கண் 1.2 மீட்டரில் இருக்கிறது என்று கொள்வோம். 8லிருந்து 1.2 கழித்தால் 6.8. அதை 12ஆல் வகுத்தால் 0.57. மறைப்பு உங்களுக்கு 2 மீட்டர் முன்னால் என்றால் 2 பெருக்கல் 0.57, ஏறத்தாழ 1.1. கண் உயரத்தையும் கூட்டினால் 2.3 மீட்டர். விளக்குத் தலைக்கு மேலே கொஞ்சம் இடம் விட்டு 2.6 மீட்டராக வைத்துக்கொள்ளுங்கள். அகலம் 1.5 மீட்டர் போதும்.

3 மீட்டர் மூங்கில் இரண்டு, சிமெண்டு ஊற்றிய பெயிண்ட் வாளி இரண்டு, நடுவே கட்டக் கறுப்புத் துணி அல்லது நாற்றுப் பண்ணையில் போடும் கறுப்பு வலை. வலை வாங்குகையில் சதவீதம் கேளுங்கள். 70 சதவீத வலை 30 சதவீத வெளிச்சத்தை விட்டுவிடும், இரண்டாக மடித்தால் 9 சதவீதம். 90 சதவீத வலையை இரண்டாக மடித்தால் 1 சதவீதம்தான் கசியும். தார்ப்பாய் முழுதாக மறைக்கும், ஆனால் காற்றுப் பிடித்தால் பாய்மரம்போல் இழுத்து வாளியோடு சாய்த்துவிடும். வலையில் காற்று புகுந்து போகும். அதனால் மடித்த வலையே எங்கள் விருப்பம். நீலத் தார்ப்பாயை மட்டும் தவிருங்கள், பின்னால் விளக்கு இருந்தால் அதுவே மங்கலாக ஒளிரும்.

மறைப்பை நடுமுன் திசையைப் பாருங்கள். மேலே சொன்ன கணக்கில் விளக்கு அடிவானத்திலிருந்து சுமார் 30 பாகை உயரத்தில் தெரியும். சுங்கை சிப்புட்டில் தென்சிலுவை ஏறுவதே 25 பாகைதான். விளக்கு தெற்கே இருந்தால் மறைப்பு விளக்கோடு தென்சிலுவையையும் விழுங்கிவிடும். அப்படியானால் மறைப்பைத் தூக்கி வேறு பக்கம் நடுவதில் பயனில்லை, நாற்காலியைத்தான் நகர்த்த வேண்டும். விளக்கு வடக்கே அமைகிற இடம் கிடைத்தால் அதை விடாதீர்கள். வீட்டுச் சுவரே மறைப்பாகிவிட்டால் மூங்கிலும் வேண்டாம். விருச்சிகத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. அதன் சிவப்பு நட்சத்திரமான கேட்டை ஏறத்தாழ 59 பாகைவரை ஏறுவதால் மறைப்புக்கு மேலேயே நிற்கும்.

வெள்ளையடித்த சுவர் பக்கத்தில் இருந்தால் அதிலிருந்து தெறிக்கும் வெளிச்சம் பின்னாலிருந்து வரும். சுவரிலும் ஒரு கறுப்புத் துணியைத் தொங்கவிடுங்கள். படுக்கையறைக்கு இவ்வளவு தேவையில்லை. வெளிச்சம் புகாத திரை ஒன்று, அது ஜன்னல் சட்டத்தைவிட இரு பக்கமும் ஒரு சாண் அகலமாக இருந்தால் போதும்.

இடம் மாறுவது

விளக்கில்லாத இடத்துக்குப் போவதைவிட நல்ல வானம் எந்த உபாயத்திலும் கிடைக்காது. ஆனால் முதிர்ந்த செம்பனைக்குள் போனால் ஓலைதான் தெரியும், வானம் தெரியாது. மறுநடவு செய்த பகுதியைத் தேடுங்கள். நட்டு இரண்டு மூன்று வருடமான கன்றுகளுக்கு நடுவே அடிவானம்வரை திறந்து கிடக்கும். தமிழ்ப்பள்ளித் திடலும் பொருத்தமானது. தோட்டத்துக்குள் இரவில் போகக் குலைத் திருட்டுக்குப் பயந்து பெரும்பாலும் அனுமதிக்க மாட்டார்கள், ஆகவே நிர்வாகத்திடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்குங்கள், காவலுக்கு இருப்பவரிடம் நேரத்தையும் ஆட்களின் எண்ணிக்கையையும் சொல்லிவிடுங்கள். எலியைத் தேடி நாகமும் மலைப்பாம்பும் வரும் இடம் என்பதால் ரப்பர் பூட்ஸ் இல்லாமல் போகக் கூடாது. தனியாகப் போவது சரியல்ல.

விண்ணப்பம்

நாள் பிடிக்கும், ஆனால் கிடைத்தால் நிரந்தரத் தீர்வு. விளக்கு யாருடையது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கூட்டரசுச் சாலையோரம் என்றால் பொதுப்பணித் துறை, தாமானுக்குள் என்றால் சுங்கை சிப்புட்டில் கோல கங்சார் நகராண்மைக் கழகம், தோட்ட எல்லைக்குள் என்றால் நிர்வாகம்.  கடிதத்தில் கம்பத்தின் எண், ஜன்னலிலிருந்து இரவில் எடுத்த படம், விளக்குத் தலை சாய்ந்திருக்கிறதா என்ற விவரம் இருக்கட்டும். 'விளக்கை எடுத்துவிடுங்கள்' என்று எழுதினால் நடக்காது, நடக்கவும் கூடாது. தலை மேல்நோக்கிச் சாய்ந்திருந்தால் மட்டமாக்கச் சொல்லுங்கள், வீட்டுப் பக்கம் ஒரு மறைப்புத் தகடு கேளுங்கள், மாற்றும்போது குறைந்த வாட் போட முடியுமா என்றும் கேளுங்கள். தெருவுக்கு வெளிச்சம் குறையாத கோரிக்கை என்றால் அண்டை வீட்டாரும் கையெழுத்துப் போடுவார்கள்.

விளக்கு உங்களுடையதாக இருந்தால்

கோயில், மண்டபம், ஒட்டுக்கடை முன்னால் சொந்தச் செலவில் போட்ட செல் விளக்கு என்றால் டார்ச்சும் வேண்டாம், வலையும் வேண்டாம், ஒரு சுவிட்ச் போதும். கடையில் கிடைக்கும் சாதாரண செல்லில் மூன்று வயர்கள் இருக்கும்: கறுப்பு மின்சாரம் வரும் வயர், வெள்ளை நியூட்ரல், சிவப்பு விளக்குக்குப் போவது. சிவப்பு வயரின் வழியில் சுவிட்சைப் போட்டால், செல் என்ன சொன்னாலும் வேண்டியபோது விளக்கை அணைத்து வைக்கலாம். கறுப்பில் போட்டால் செல்லுக்கே மின்சாரம் நின்றுவிடும், திரும்பப் போட்டதும் அது நிதானத்துக்கு வரக் கொஞ்ச நேரம் பிடிக்கலாம். சுவிட்ச் மழை படாத பெட்டிக்குள் இருக்க வேண்டும். பதிவு பெற்ற வயர்மேனைக் கொண்டே செய்யுங்கள்.

செல்லைப் பொருத்துகையில் அதன் முகம் தன் விளக்கையே பார்க்கக் கூடாது, எதிரே வெள்ளைச் சுவரும் இருக்கக் கூடாது. இருந்தால் விளக்கு எரியும், அந்த வெளிச்சத்தைப் பகல் என்று நினைத்துச் செல் அணைக்கும், இருட்டியதும் மறுபடி எரியவைக்கும், இரவெல்லாம் இப்படியே போகும். வேலை முடிந்ததும் பகலிலேயே சோதித்துவிடலாம். செல்லைக் கறுப்பு டேப்பால் முழுதாகச் சுற்றி இரண்டு நிமிடம் பொறுங்கள், விளக்கு எரிய வேண்டும். டேப்பை உரித்து இன்னும் இரண்டு நிமிடம் பாருங்கள், அணைய வேண்டும்.